ஊராட்சி அலுவலகக் கணிப்பொறியும் அதன் உறுப்புகளும்

கிராம ஊராட்சி அலுவலகங்களில் இன்று கணிப்பொறியும் நாற்காலி மேஜையைப் போல ஒரு தளவாடமாகிவிட்டது. தீர்மானங்கள் அதில் தட்டச்சு செய்யப்படுகின்றன. குடிநீர் இணைப்புகளின் ஜாபிதா அதில் இருக்கிறது. சாலைப் பணி, குளம் வெட்டும் பணி ஆகியவற்றின் படங்கள் அதில் வந்து சேர்கின்றன. ஆயினும் நாற்காலியின் கால் ஒடிந்தால் கால் ஒடிந்தது என்று சொல்லத் தெரிந்த நமக்கு, கணிப்பொறியில் எது ஒடிந்தது என்று சொல்லத் தெரிவதில்லை. கிணற்று மோட்டார் நின்றுவிட்டால் நம் விவசாயிகள் காயில் எரிந்ததா, பேரிங் தேய்ந்ததா, கெப்பாசிட்டர் போயிற்றா என்று பிரித்துச் சொல்கிறார்கள். ஆகவே காயில் கட்டும் வேலைக்குப் புது மோட்டாரின் விலையை அவர்களிடம் எவரும் கேட்க முடிவதில்லை. கணிப்பொறி விஷயத்திலும் அந்த அளவு அறிவு இருந்தால் போதும். அதற்கு மேல் யந்திர நூல் எதுவும் படிக்க வேண்டுவதில்லை.

இதை நாம் எழுத நேர்ந்த காரணத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் நம் வட்டாரத்து ஊராட்சி ஒன்றில் கணிப்பொறி திடீரென்று நின்றுபோயிற்று. பழுது பார்க்க வந்தவர், “சி.பி.யூ. போய்விட்டது” என்றார். புதிய சி.பி.யூ. வாங்குவதென்று ஊராட்சி மன்றம் தீர்மானித்தது. செலவுப் பட்டியல் நம் மேஜைக்கு வந்தது. நாமும் படித்துப் பார்த்துக் கையொப்பமிட்டோம். புதிய பெட்டி வந்தது. பழைய பெட்டி ஒரு சிறு தொகைக்குக் கழிக்கப்பட்டு, வந்தவரோடு போயிற்று. மறுநாள் ஊராட்சிச் செயலர் குடிநீர் இணைப்பு ஜாபிதாவைத் தேடியபோது புதிய பெட்டியில் ஒன்றும் இல்லை. தீர்மான நகல்கள் இல்லை. தெரு விளக்குகளின் கணக்கு இல்லை. வீடு கட்டும் திட்டத்துக்காக மக்கள் கொடுத்திருந்த ஆதார், வங்கிப் புத்தக நகல்கள் இல்லை. அவையனைத்தும் பழைய பெட்டிக்குள் இருந்த ஹார்டு டிஸ்க் என்னும் உறுப்பில் இருந்தன. ஆள் அனுப்பித் தேடியபோது பெட்டி பிரிக்கப்பட்டுப் பகுதி பகுதியாக விற்கப்பட்டிருந்தது. தாளில் இருந்தவற்றை மறுபடியும் தட்டச்சு செய்ய இரண்டு மாதம் ஆயிற்று. தாளில் இல்லாதவை போனவையே. சி.பி.யூ. என்ற சொல்லைப் படித்து, அதன் பொருள் யாதென்று கேளாமல் கையொப்பமிட்ட நமக்கும் இந்த நஷ்டத்தில் பங்கு உண்டு.

பெட்டி வேறு, சி.பி.யூ. வேறு

மேஜைக்குக் கீழோ பக்கத்திலோ நிற்கும் இரும்புப் பெட்டியைச் சி.பி.யூ. என்று அழைப்பது நம் நாட்டில் வழக்கமாகிவிட்டது. அது தவறான வழக்கு. அந்தப் பெட்டிக்குக் கேபினட் என்று பெயர். சி.பி.யூ. என்பது பெட்டிக்குள் இருக்கும் ஓர் உறுப்பு மட்டுமே. தமிழில் மையச் செயலகம் என்பார்கள். கடைக்காரர்கள் பிராசசர் என்பார்கள். அளவில் அது ஒரு தீப்பெட்டியை ஒக்கும். 1971 ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 4004 என்னும் முதற் செயலகத்தில் ஏறத்தாழ 2,300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. இன்று அதே அளவுள்ள சில்லுகளில் அவை கோடிக்கணக்கில் உள்ளன. கூட்டல், கழித்தல், ஒப்பிடுதல் என்ற சிறிய வேலைகளை அது வினாடிக்குக் கோடிக்கணக்கான முறை செய்கிறது.

முக்கியமான விஷயம் யாதெனில், பெட்டிக்குள் இருப்பனவற்றுள் மிக அரிதாகவே பழுதாகும் உறுப்பு இந்தச் செயலகந்தான். எனவே “சி.பி.யூ. போய்விட்டது” என்று யாரேனும் சொன்னால், “பெட்டிக்குள் எந்த உறுப்பு?” என்று உடனே கேட்பது ஊராட்சி மன்றத்தாரின் உரிமை.

அந்த உறுப்புகளின் உறவை விளக்க நமக்குப் பழக்கமான ஒருவரை அழைத்துக்கொள்வோம். 1980 ஆம் ஆண்டு வரையில் நம் கிராமங்களில் இருந்த கர்ணத்தை மூத்தோர் நினைவு கூர்வார்கள். அவர் சாய்வு மேஜை முன் அமர்ந்திருப்பார். பின்னால் பீரோ இருக்கும். அதில் அடங்கலும் சிட்டாவும் அடுக்கியிருக்கும். ஒருவர் வந்து தம் நிலத்தைப் பற்றிக் கேட்டால், பீரோவைத் திறந்து வேண்டிய பதிவேட்டை மட்டும் எடுத்து மேஜைமேல் விரித்துப் பார்ப்பார். வேலை முடிந்ததும் மறுபடியும் பீரோவில் வைப்பார். இங்கே கணக்குப் பார்க்கும் கர்ணம் செயலகம். அவருடைய மேஜை ராம் எனப்படும் நினைவகம். பீரோ ஹார்டு டிஸ்க் எனப்படும் சேமிப்பகம். இவை எல்லாவற்றையும் ஒன்றோடொன்று இணைக்கும் பச்சை அல்லது கறுப்பு நிறப் பலகை மதர்போர்டு, அதாவது தாய்ப்பலகை. செய்தி எதுவாயினும் இப்பலகையின் கம்பிக் கோடுகள் வழியாகவே ஓர் உறுப்பிலிருந்து மற்றோர் உறுப்புக்குச் செல்லும்.

மேஜை சிறிதானால் கர்ணம் எத்தனை திறமைசாலியாயினும் வேலை மந்தமாகும். ஒரு பதிவேட்டை விரிக்க இன்னொன்றை மூட வேண்டும். கணிப்பொறி மெதுவாக ஓடுகிறது என்று குறை சொல்வோர் பலருடைய பெட்டியில் நடப்பது இதுவே. இன்றைய அலுவலக வேலைக்கு 8 ஜிகாபைட் ராம் இருப்பது நலம். ஒரு விஷயத்தை மட்டும் மறக்கலாகாது. மேஜைமேல் இருப்பது நிலையானதன்று. மின்சாரம் நின்ற கணமே ராமில் இருப்பது அழிந்துவிடும். அரை மணி நேரம் தட்டச்சு செய்த தீர்மானம், 'சேமி' என்ற கட்டளை கொடுக்காத வரையில், மேஜைமேல் கிடக்கும் தாளே அன்றிப் பீரோவில் ஏறியது அன்று.

ராம் நீண்ட சீப்புப் போன்ற சிறு பலகை. அதில் டி.டி.ஆர். 3, டி.டி.ஆர். 4, டி.டி.ஆர். 5 எனத் தலைமுறைகள் உண்டு. ஒவ்வொன்றிலும் நடுவே உள்ள வெட்டு வெவ்வேறு இடத்தில் இருப்பதால், ஒரு தலைமுறைக்கான பலகையை மற்றொன்றின் இடத்தில் பொருத்த முடியாது. பழைய பெட்டிக்கு ராம் வாங்கும்போது இந்த எண்ணைச் சொல்லி வாங்காவிட்டால் போக்குவரத்துச் செலவு வீண்.

பீரோவைப் பற்றிச் சற்று விரிவாக

ஹார்டு டிஸ்க்கின் பிறப்பு 1956 ஆம் ஆண்டில். அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனம் அவ்வாண்டு அறிமுகப்படுத்திய ராமாக் யந்திரத்தின் சேமிப்பகத்தில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் சுழன்றன. ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள அந்தச் சாதனம் 50 லட்சம் எழுத்துகளைத்தான் கொள்ளும். இன்று சட்டைப் பையில் அடங்கும் டிஸ்க் ஒரு டெராபைட் கொள்கிறது.

இந்த பைட் என்பதென்ன? ஓர் ஆங்கில எழுத்தைக் குறிக்க ஆகும் இடமே ஒரு பைட். தமிழ் எழுத்துக்கு இன்று இணையத்தில் வழங்கும் யூனிகோடு முறையில் சற்று அதிகம் ஆகும். 'அ' என்பதற்கு 3 பைட். 'தமிழ்' என்ற சொல்லில் 'த', 'ம', இகரக் குறி, 'ழ', புள்ளி என ஐந்து குறியீடுகள் இருப்பதால் 15 பைட். பத்து லட்சம் பைட் ஒரு மெகாபைட், நூறு கோடி பைட் ஒரு ஜிகாபைட், ஒரு லட்சம் கோடி பைட் ஒரு டெராபைட். ஆகவே தீர்மானங்களை எத்தனை ஆண்டு தட்டச்சு செய்தாலும் டிஸ்க் நிரம்பாது. அதை நிரப்புவன கைப்பேசியில் எடுத்த படங்களே. ஒரு படம் 3, 4 மெகாபைட் பிடிக்கும். ஒரு டெராபைட் என்று வாங்கிய டிஸ்க் திரையில் 931 ஜிகாபைட் என்று காட்டுவதைக் கண்டு, கடைக்காரர் அளவில் குறைத்துவிட்டார் என்று சண்டைக்குப் போன அன்பர்களும் உண்டு. அதில் மோசம் இல்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாகக் கணக்கிடுகிறார். கணிப்பொறி 1,024 ஆகக் கணக்கிடுகிறது.

ஹார்டு டிஸ்க் சுழலும் யந்திரம். அதன் தட்டு நிமிஷத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுற்றுகிறது. படிக்கும் முனை அத்தட்டைத் தொடாமல், தலைமயிரின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கும் இல்லாத இடைவெளியில் மிதக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது பெட்டியை உதைப்பதும் நகர்த்துவதும் கூடா என்பது இதனாலேயே. டிஸ்க்கிலிருந்து 'டக், டக்' என்ற ஒலி விட்டுவிட்டுக் கேட்டால் அது நோயின் அறிகுறி. அன்றே உள்ளதை வேறிடத்தில் நகல் எடுத்துவிட்டுப் பின்னர் மற்றதைப் பார்க்க வேண்டும்.

இப்போது பெரும்பாலும் எஸ்.எஸ்.டி. என்னும் புதுவகைச் சேமிப்பகம் வருகிறது. இதில் சுழலும் பகுதி எதுவும் இல்லை, சில்லுகளே உள்ளன. வேகம் பன்மடங்கு. திறப்பதற்கே ஐந்து நிமிஷம் எடுத்துக்கொள்ளும் பழைய கணிப்பொறியில் ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. மாட்டினால், புதுப் பெட்டி வாங்கும் எண்ணத்தைப் பல சமயங்களில் தள்ளிப்போடலாம். ஆனால் எஸ்.எஸ்.டி. பழுதாகும்போது ஒலி எழுப்பி எச்சரிப்பதில்லை. போனதை மீட்பதும் கடினம்.

எவ்வகை டிஸ்க்காயினும் ஒருநாள் போகும். அரசின் இணையதளங்களில் பதிந்த விவரங்கள் நம் பெட்டியில் இல்லை. அவை வேறிடத்தில் பெரிய கணிப்பொறிகளில் உள்ளன. நம் பெட்டி எரிந்தாலும் அவை இருக்கும். நம் பெட்டியில் மட்டும் இருப்பனவற்றுக்கே ஆபத்து. அவற்றை மாதம் ஒரு முறையாவது வெளியிலிருந்து செருகும் டிஸ்க் ஒன்றில் நகல் எடுத்து, அதை வேறு கட்டடத்தில் வைக்க வேண்டும். அதே மேஜையின் இழுப்பறையில் வைத்தால், கூரை ஒழுகும் நாளில் இரண்டும் சேர்ந்து நனையும். பென் டிரைவ் கொண்டுசெல்வதற்கு ஏற்றதேயன்றி, ஆண்டுக்கணக்கில் ஆவணம் காப்பதற்கு ஏற்றதன்று. பழுது பார்க்க வருபவர் “ஃபார்மட் செய்ய வேண்டும்” என்று சொன்னால், பீரோவைக் காலி செய்யப் போகிறார் என்பது பொருள். நகல் உண்டா என்று கேட்காமல் சம்மதிக்கலாகாது.

மின்சாரம் செல்லும் வழி

கணிப்பொறியைக் கெடுக்கும் காரணங்களுள் கிராமத்தில் முதலிடம் மின்சாரத்துக்கே. மும்முனை மின்சாரம் வந்தவுடன் ஊர் முழுவதும் மோட்டார்களைப் போடும் நேரத்தில் விளக்கு மங்குவதை நாம் பார்க்கிறோம். செயலகத்துக்கும் டிஸ்க்குக்கும் 230 வோல்ட் ஆகாது. 12, 5, 3.3 வோல்ட் அளவில் ஒரே திசை மின்சாரமே ஆகும். ஏரியின் தண்ணீரை மதகு அளந்து விடுவதுபோல அந்த மாற்றத்தைச் செய்வது எஸ்.எம்.பி.எஸ். என்னும் தகரப் பெட்டி. பின்புறம் மின்கம்பி செருகும் இடத்தில் விசிறியோடு இருப்பது அதுவே. விளக்கும் எரியாமல், விசிறியும் சுற்றாமல் கணிப்பொறி அடியோடு அசைவற்றிருந்தால், செருகியையும் கம்பியையும் சோதித்தபின் முதலில் ஐயுற வேண்டியது இந்த எஸ்.எம்.பி.எஸ்.ஐத்தான். அதை மட்டும் தனியே மாற்றலாம். நாம் மேலே சொன்ன ஊராட்சியில் காணப்பட்ட அறிகுறியும் இதுவே என்று பிற்பாடு விசாரித்து அறிந்தோம்.

யூ.பி.எஸ். என்பது மின்சாரம் நின்றபின் வேலையைச் சேமித்து, முறைப்படி மூடுவதற்குச் சில நிமிஷம் அவகாசம் தரும் சாதனம். வீட்டு இன்வெர்ட்டரைப் போல மணிக்கணக்கில் ஓட்டுவதற்காக ஏற்பட்டதன்று. 600 வி.ஏ. என்று எழுதியிருப்பதை 600 வாட் என்று கொள்ளலாகாது, அத்தகைய யூ.பி.எஸ். பெரும்பாலும் 360 வாட் அளவே தாங்கும். லேசர் பிரிண்டரை அதில் செருகவே கூடாது. மையை உருக்கித் தாளில் பதிக்க அதன் உருளை சூடேறும்போது இழுக்கும் மின்சாரம் யூ.பி.எஸ்.ஸைத் திணறடித்துவிடும். மின்சாரம் நின்ற மறுகணமே யூ.பி.எஸ்.ஸும் நின்றால், உள்ளே இருக்கும் 12 வோல்ட் பாட்டரியின் ஆயுள் முடிந்தது என்று கொள்ளலாம். இரண்டு மூன்று ஆண்டில் அது முடிவது இயல்பு. பாட்டரியை மட்டும் மாற்றினால் போதும்.

பெட்டியின் இரும்பைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறதா? அது கணிப்பொறியின் குற்றமன்று. கட்டடத்தின் எர்த் குற்றம். மூன்று துளையுள்ள பிளக்கில் பெரிய துளை வெறும் துளையாகவே இருக்கும் கட்டடங்கள் நம் வட்டாரத்தில் சில உண்டு. கரியும் உப்பும் இட்ட எர்த் குழி தோண்டி, கோடையில் அதற்குத் தண்ணீர் ஊற்றிவந்தால் மனிதருக்கும் நலம், யந்திரத்துக்கும் நலம். இடி மின்னல் வேளையில் மின்செருகியோடு இணையக் கம்பியையும் கழற்றிவிட வேண்டும். அந்தக் கம்பி வழியாகவும் மின்னல் உள்ளே வரும்.

இங்கே ஒரு சிறு பொருளைப் பற்றியும் சொல்ல வேண்டும். தாய்ப்பலகையில் நாணயம் போன்ற 3 வோல்ட் பாட்டரி ஒன்று உண்டு. அதன்மேல் சி.ஆர். 2032 என்று எழுதியிருக்கும். 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் கனம் என்பது அந்த எண்ணின் பொருள். கணிப்பொறி அணைந்திருக்கும்போதும் உள்கடிகாரத்தை ஓட்டுவது இதுவே. இது தீர்ந்துவிட்டால் தேதி பல ஆண்டு பின்னே போய்விடும். தேதி தவறினால் அரசு இணையதளங்கள் திறவா. பாதுகாப்புச் சான்று செல்லாது என்று திரையில் வரும். இணைய இணைப்பையும் சர்க்காரையும் நொந்துகொண்டு ஒரு வாரம் காத்திருந்த ஓர் அலுவலகத்தில், சில பத்து ரூபாய் விலையுள்ள இந்தப் பாட்டரியை மாற்றியதும் வேலை தொடங்கியது.

விசிறி சுற்றியும் திரையில் ஒன்றும் வாராமல், 'பீப்' என்ற ஒலி மட்டும் விட்டுவிட்டு வந்தால், ராம் பலகை தூசியால் சரியாகப் பொருந்தாமல் இருக்கலாம். அதைக் கழற்றி, முனையை எழுத்தழிக்கும் ரப்பரால் தேய்த்து மறுபடி செருகுவது பழுது பார்ப்போர் கையாளும் முறை. அதற்குப் புது உறுப்பு எதுவும் வேண்டாம். திரையில் எழுத்து வந்து, டிஸ்க்கைக் காணவில்லை என்று சொன்னால், பழுது டிஸ்க்கிலோ அதன் கம்பியிலோ இருக்கிறது.

வாங்கும்போது

விலைப்புள்ளிகளில் 'ஐ5 கணிப்பொறி' என்று மட்டும் எழுதுகிறார்கள். இது 'நெல் விதை' என்று மட்டும் எழுதுவதை ஒக்கும். ஐ5 என்பது இன்டெல் 2009 ஆம் ஆண்டிலிருந்து வழங்கும் பெயர். ஐ5 2400 என்னும் செயலகம் 2011 ஆம் ஆண்டில் வந்தது. ஐ5 12400 வந்தது 2022 ஆம் ஆண்டில். முன்னது இரண்டாம் தலைமுறை, பின்னது பன்னிரண்டாம் தலைமுறை. இடையே ஓர் எண்தான் கூடுதல். ஆனால் பதினோரு ஆண்டு வித்தியாசம். முழு எண்ணையும் எழுதாத விலைப்புள்ளியை ஒப்பிட்டுப் பார்ப்பதில் பயனில்லை. பழைய பெட்டியைப் புதுப்பித்து மலிவாக விற்பவர்களிடம் வாங்குவோர் மற்றொன்றும் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 10 க்கு மைக்ரோசாப்ட் அளித்துவந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 ஆம் நாளோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஐப் பழைய செயலகங்கள் பல ஏற்பதில்லை.

விசைப்பலகை, மவுஸ், திரை ஆகியவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பழுதானால் வெளியே தெரியும், மாற்றுவதும் எளிது. பென் டிரைவைப் போலவே தோன்றும் டிஜிட்டல் கையொப்பச் சாவியைப் பற்றி மட்டும் ஒரு சொல். அது சேமிப்பகம் அன்று, உரியவரின் கையொப்பம். அதைப் பெட்டியிலேயே செருகி வைத்து, அதற்கான இரகசிய எண்ணையும் சீட்டில் எழுதித் திரையில் ஒட்டியிருந்ததை நாம் தணிக்கையின்போது கண்டோம். கையொப்பமிட்ட வெற்றுக் காசோலையை மேஜைமேல் விட்டுச் செல்வதற்கு நிகர் அது.

பழைய கணிப்பொறியைக் கழிக்கும்போது டிஸ்க்கை முதலில் கழற்றிக்கொள்ள வேண்டும். அழித்துவிட்டோம் என்று நாம் எண்ணும் கோப்புகளும் அதில் பெரும்பாலும் இருக்கும், தெரிந்தவர் மீட்டுவிடுவார். அந்த ஊராட்சியின் மக்களுடைய ஆதார் நகல்கள் எந்தக் கடையில், எவர் கையில் போய்ச் சேர்ந்தன என்று இன்றளவும் நமக்குத் தெரியாது. டிஸ்க் நீங்கலான பெட்டியை, 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, பதிவு பெற்றவர்களிடமே ஒப்படைக்க வேண்டும். பழைய இரும்புக் கடைக்குப் போகலாகாது.

நம் ஒன்றியத்தில் இப்போது பழுதுச் செலவுப் பட்டியல்களில் 'சி.பி.யூ. மாற்றப்பட்டது' என்று வந்தால் திருப்பி அனுப்பிவிடுகிறோம். மாற்றிய உறுப்பின் பெயர், அதன்மேல் அச்சிட்டுள்ள வரிசை எண், கழற்றிய பழைய உறுப்பு எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்ற மூன்று விவரங்களும் பட்டியலிலும் தளவாடப் பதிவேட்டிலும் இருக்க வேண்டும். கழற்றிய டிஸ்க், ஊராட்சியின் பெயரும் தேதியும் எழுதிய உறையில், பீரோவில் இருக்க வேண்டும்.